கட்டைவிரல் அளவு

மச்சானின் வலது கட்டைவிரல் குட்டையாக, அகலமாக இருக்கும். எப்போதோ சுத்தியல் பட்டதில் நகம் நடுவே பிளந்து, பிறகு ஒருமாதிரி ஒட்டி வளர்ந்திருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. இரும்பில் ஓட்டை எதைக் கண்டாலும் அந்த விரலை நுழைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். கிள்ளானை அடுத்த மேருவில் இருந்த எங்கள் பட்டறைக்கு லோரியில் பழைய சாமான் வந்து இறங்கினால், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எந்தக் கம்பெனி செய்தது என்றெல்லாம் கேட்கமாட்டார். நேராகப் போய் விரலை விடுவார். நுழையாவிட்டால் சின்ன சைஸ் என்பார். நுழைந்து ஆடினால் பெரிய சைஸ். அதற்குப் பிறகு அந்தச் சாமானைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பழைய டிராக்டர்களையும் அவற்றின் பின்னால் மாட்டும் உழவுச் சாமான்களையும் வாங்கி, துரு தட்டி, ரோசாக் ஆன பாகத்தைப் பழுதுபார்த்து, சாயம் அடித்து விற்பது அவர் தொழில். அதிகம் போவது கல்டிவேட்டர்தான். ஒரு இரும்புச் சட்டம், அதில் வரிசையாக வளைந்த பற்கள், மண்ணைக் கிளறிக்கொண்டே போகும். ஜெஞ்சாரோம் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள். சமீப வருடங்களில் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. அறுபது வருடத்துக்கு முந்தைய டிராக்டரைத் தேடிப் பிடித்து, அதைப் புதுசு போலத் துடைத்து வைத்துக்கொண்டு, அதோடு பிறந்த கல்டிவேட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஓய்வுபெற்ற கனவான்கள். இவர்களுக்குப் பதில் சொல்லத்தான் நான் இருந்தேன். மச்சான் எல்லாவற்றுக்கும் ஒரே ஆரஞ்சு சாயம் அடித்துவிடுவார். நான் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய், பல்லைப் பிடித்திருக்கும் வார்ப்பின் அடியில் அந்தச் சாயத்தைச் சுரண்டுவேன். அங்கே ஓர் எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய உதிரிபாகப் புத்தகங்களின் பக்கங்களோடு ஒப்பிட்டால், அந்தச் சட்டம் எந்த டிராக்டருக்கு என்று செய்யப்பட்டதோ அது தெரிந்துவிடும். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். பத்துக்கு ஒன்பது தடவை மச்சானின் விரலும் என்னுடைய எண்ணும் ஒன்றையே சொல்லும். அந்தப் பத்தாவது தடவைதான் அவருக்குப் பொறுக்காது.

எங்கள் அம்மா சாகும்போது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா எப்போதோ போய்விட்டிருந்தார். சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டு அக்காதான் என்னை வளர்த்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தம்பியும் என்னோடு வருவான். மச்சான் ஒப்புக்கொண்டார். கிள்ளானில் அவருடைய இரட்டை மாடி வீட்டின் மேல் அறையை எனக்குக் கொடுத்தார், பள்ளிக்கு அனுப்பினார், புத்தகப் பை வாங்கிக் கொடுத்தார். எல்லாம் செய்தார். செய்ததை ஒன்று விடாமல் சொல்லிக்காட்டவும் செய்தார். பள்ளி முடித்து ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், தனியாக அறை எடுத்துத் தங்கினேன். அந்த ஆறு வருடம்தான் நான் நிமிர்ந்து நடந்தது. தொழிற்சாலை ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே மேல் அறை. மறுநாள் காலையிலேயே மச்சான் பட்டறைக்கு வரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய வாய்க்கு நான் தீனி.

வாடிக்கையாளர் யாராவது என்னைக் காட்டி யார் என்று கேட்டால், அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "இதா? எங்க கல்யாணத்துல சீரா வந்த சாமான் போஸ். வாரண்டி முடிஞ்சிருச்சி, திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க." நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆள் மாற மாற அவருக்கு அது புதிதாகவே இருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், விசிலடிப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "உன் தம்பிக்கு இன்னொரு கரண்டி வை, நாளைக்கு நம்பர் சுரண்டணும் பாவம்" என்பார். அக்கா அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வைப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்து வைப்பேன். முப்பத்து நான்கு வயதில் ஓர் ஆண் பிள்ளை இப்படிச் சிரிக்கப் பழகிவிட்டால் உள்ளே என்ன சேரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொன்னால் போதாது. அவர் குளியலறையில் வழுக்கி விழுவதாக நினைத்துப் பார்த்துக்கொண்டே நான் பல காலைகள் பல் தேய்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை காஜாங்கிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற பிறகு காஜாங் பக்கம் பழத்தோட்டம் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இந்த நாட்டில் மூன்றாம் தலைமுறை ஆகியும் வீட்டுப் பேச்சை விடாதவர். தான் பழுதுபார்த்த சாம்பல் நிறத்துச் சின்ன டிராக்டரை வாடகை லோரியில் ஏற்றி, பின்னாலேயே காரில் வந்திருந்தார். அந்த டிராக்டருக்கே உள்ள கல்டிவேட்டர் நம்மிடம் இருக்கிறது என்று மச்சான் தொலைபேசியில் அடித்துச் சொல்லியிருந்தார். மச்சான் பின்கட்டிலிருந்து கல்டிவேட்டரைக் கொண்டுவரப் போன நேரத்தில், நான்தான் டிராக்டரை லோரியிலிருந்து இறக்கினேன். டாக்டர் பக்கத்தில் நடந்து வந்தார். டிராக்டரின் பின்னால் மூன்று கைகள் உண்டு, கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழ்க்கைகளைத் தூக்கி இறக்குவதற்கு இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை நான் தொட்டதும் டாக்டர் என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, இவர் உடனே தூக்கமாட்டார். மூண்டு எண்ண வேணும். பிறகு ஒரேயடியாய்ப் பாய்வார். கவனமாய் இரும்." நான் சோதித்துப் பார்த்தேன். நெம்புகோலை மேலே தள்ளினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்ததும் கைகள் இரண்டும் சங்கிலி அதிரத் துள்ளி எழுந்தன. வயசாளி அல்லவா, யோசித்துத்தான் செய்வார் என்று டாக்டர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்.

ஆரஞ்சு சாயம் மினுமினுக்க வந்து இறங்கியிருந்த கல்டிவேட்டரைச் சுற்றி வந்து, இது இந்த டிராக்டருக்கு உள்ளதுதானா என்று அவர் என்னிடம் கேட்டார். முந்தைய நாளே நான் எண்ணைச் சுரண்டிப் பார்த்திருந்தேன். இல்லை, இது இதைவிடப் பெரிய டிராக்டருக்குச் செய்தது, பிற்காலத்தது என்றேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் கீழ்க்கைகள் வந்து மாட்டும் பின்களை மச்சான் கழற்றிவிட்டுச் சின்ன டிராக்டருக்கான பின்களை மாட்டியிருந்தார். ஆனால் நடுவில் நிற்கும் தூணின் உச்சியில், மேல்கை வந்து சேரும் ஓட்டை மட்டும் பெரியதாகவே இருந்தது. ஒரு குழாய்த் துண்டைச் செருகிச் சமாளித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதையும் டாக்டருக்குக் காட்டிக்கொடுத்தேன். திரும்பினால் மச்சான் பின்னால் நிற்கிறார்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்டரின் தோளில் கை போட்டார். "டாக்டர், இவன் சொல்றத கேக்காதீங்க. இது எங்க கல்யாணத்துல சீரா வந்த சாமான்" என்று ஆரம்பித்து, வாரண்டி வரைக்கும் சொல்லி முடித்தார். டாக்டர் சிரித்தார். பெரிய சிரிப்பு ஒன்றும் கிடையாது, மரியாதைக்குச் சிரிக்கும் படித்த மனிதரின் சின்னச் சிரிப்பு. ஜெஞ்சாரோம் தோட்டக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தபோதெல்லாம் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. என் முழங்கையைப் பிடித்துத் தம்பி என்று சொன்ன மனிதர் சிரித்ததும் எனக்குக் காது அடைத்தது. மாட்டிக் காட்டுகிறேன் பாருங்கள், பாலில் சீனி மாதிரி உட்காரும் என்றார் மச்சான். விசிலடித்து எனக்கு டிராக்டரின் இருக்கையைக் காட்டினார். லோரிக்காரர் வாசலில் கூப்பிட, டாக்டர் அந்தப் பக்கம் போனார்.

கல்டிவேட்டர் மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடது கீழ்க்கை, அடுத்து வலது, கடைசியில் மேல்கை. மேல்கையின் நுனியைத் தூணில் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே நுழைத்து, தகடு, நுனி, தகடு என்று மூன்று ஓட்டையும் ஒரே நேராக வரும்போது பின்னைச் செருக வேண்டும். நேராக வராவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, மேல்கையின் நடுவிலுள்ள திருகைக் கையால் திருகி நீட்டலாம், குறைக்கலாம். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மச்சானுக்குத் திருகிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. எஞ்சின் ஓட ஓட, தகட்டின் ஓட்டையில் கட்டைவிரலை விட்டுக்கொண்டு, தூக்கு, இறக்கு என்று கத்துவார். சட்டம் மெல்ல அசைந்து ஓட்டைகள் ஒன்றுசேர்வது விரல் நுனிக்குத் தெரியுமாம். தெரிந்ததும் விரலை உருவிக்கொண்டு பின்னை அடிப்பார். பத்து வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், ஒன்றும் ஆகவில்லை. சின்ன சைஸ் சாமானில் முழு விரல் நுழையாது, நுனியால் தடவிப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு அந்தத் தகட்டில் இருந்தது பெரிய ஓட்டை. விரல் முழுசாக உள்ளே போயிற்று. சரியான கல்டிவேட்டராக இருந்திருந்தால் போயிருக்காது.

கொஞ்சம் தூக்கு என்றார். நான் நெம்புகோலைத் தள்ளினேன். ஒன்றும் அசையவில்லை. நான் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஓட்டைக்குள் இருந்தது. "தூக்குலா. ஹைட்ராலிக் ரோசாக்கா, இல்ல நீ ரோசாக்கா?" என்றார். நான் மனதுக்குள் ஒன்று என்று எண்ணினேன். மச்சான், இது லேட்டாகத் தூக்கும், விரலை எடுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நெம்புகோலைத் திரும்ப இழுத்திருந்தாலும் போதும், வாயே திறக்க வேண்டாம். இரண்டு என்று எண்ணினேன். மறந்துவிட்டேன், பதறிவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பொய். அந்த நேரத்தில் என் மனம் மழை விட்ட வாசல் போலத் தெளிவாக இருந்தது. மூன்று என்று எண்ணினேன்.

அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் எஞ்சினை அணைத்து, கேட்டைப் பூட்டிவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு பின்னால் போனேன். நுனி நசுங்கியிருக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மச்சானுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. புண் ஆறவில்லை. முதலில் ஒரு மூட்டு வரை எடுத்தார்கள், மூன்று வாரம் கழித்து அடியோடு எடுத்தார்கள். முதல் நாளே அக்கா கட்டிலருகே உட்கார்ந்து எப்படி ஆனது என்று கேட்டபோது, மச்சான் என்னைப் பார்த்தார். "அவன் மேல தப்பு இல்ல. நான்தான் தூக்க சொன்னேன்" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அழாதே, உன்னால் இல்லை என்றாள். நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எதற்காக அழுதேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தப்பித்த நிம்மதியாகவும் இருக்கலாம்.

கட்டைவிரல் இல்லாத வலது கை எதற்கும் உதவாது. ஸ்பேனர் பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது. பட்டறை தானாக என் கைக்கு வந்தது. ஆரஞ்சு சாயத்தை நிறுத்தினேன். எண் தெரியும்படி சாமான்களைத் துடைத்து வைத்தேன். அளவெடுக்க வெர்னியர் வாங்கினேன். கனவான்கள் என்னைத் தேடி வந்தார்கள். மச்சான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் பால் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டிருப்பார். அவர் வாயும் அடங்கிவிட்டது. அப்போதாவது நான் நல்லவனாகியிருக்கலாம். ஆகவில்லை. நான்தான் இப்போது விசிலடித்தேன். யாராவது ஒரு சட்டத்தைக் காட்டி என்ன சைஸ் என்று கேட்டால், மச்சானிடம் கேளுங்கள், அவர்தான் விரல் விட்டுப் பார்ப்பார் என்பேன். அவர் காதில் விழும்படிதான் சொல்வேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் படிப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அந்த இரண்டு வருடமும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் உண்மை.

ஒருநாள் ஜெஞ்சாரோமிலிருந்து புதிதாக ஒரு பெரியவர் வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர் யார் தம்பி என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, நாக்கில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. "அதா? எங்க அக்கா கூட வந்த சாமான் அங்கிள். கை கொஞ்சம் ரோசாக்." பெரியவர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். பெரியவர் போன பிறகும் மச்சான் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குடித்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூணு எண்ணணும்னு டாக்டர் சொன்னாராமே. நீ எத்தன வரைக்கும் எண்ணுன?"

டிராக்டர் மேல் பழி வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதே டாக்டர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார், தம்பிக்கு நான் சொல்லித்தான் விட்டேன் என்று. அதாவது ஆஸ்பத்திரியில் அக்காவிடம் என் மேல் தப்பில்லை என்று சொன்னபோதே மச்சானுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருடமாக நான் விசிலடித்ததையும் விரல் விடச் சொன்னதையும் அவர் தெரிந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வரைக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், சரியான சாமான்தான் என்று உறுதி செய்துகொள்பவர் போல. ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒரு நாள் அழுவா, உன்ன வெளிய அனுப்பிடுவா. நீ எங்கயாவது போயி நிம்மதியா இருப்ப. எதுக்கு?"

நான் போய்விடுகிறேன் மச்சான் என்றேன். போ என்றார். இன்றைக்கே போ. ஆனால் ஏன் போகிறேன் என்று உன் அக்காவிடம் நீயே சொல்லிவிட்டுப் போ, நான் சொல்லமாட்டேன் என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். அக்கா சமையலறையில் எனக்காக நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நிபந்தனை போட்டவள். ஏழு வயதிலிருந்து எனக்குத் தலை துவட்டிவிட்டவள். நான் என்ன செய்தேன் என்று தெரிந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். இந்த உலகத்தில் என்னை நல்லவன் என்று நம்பும் ஒரே ஆள் அவள்தான். மாடிக்குப் போய்ப் பெட்டியை அவிழ்த்து, சட்டைகளைத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினேன்.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. பட்டறை நன்றாகப் போகிறது. காலையில் மச்சானுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது நான்தான். அக்கா போட வந்தால் வேண்டாம், அவன் போடட்டும் என்கிறார். நான் கழுத்துப் பித்தானைப் போடும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இப்போது யாரிடமும் என்னைப் பற்றிக் கேலி பேசுவதில்லை. மச்சினன் தங்கமான பையன் என்றுதான் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒன்று நடக்கும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் நாள் அது. அக்கா பரிமாறிவிட்டு வந்து உட்காரும் வரை காத்திருந்து, கரண்டியை இடது கையில் பிடித்தபடி மெதுவாகக் கேட்பார்.

"என்னடா, போறேன்னு சொன்னியே. அக்காகிட்ட சொல்லிட்டியா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். எங்கேடா போறே என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பயந்துபோய்த்தான் கேட்பாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, எங்கேயும் போகலக்கா என்பேன். அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.